நேரம் கேட்டவர்

அவரிடம் கைக்கடிகாரம் கிடையாது. ஆனால் படகுத்துறைக் கூடத்தில் வேலை பார்த்த எங்கள் எல்லோரையும்விட அதிகமாக நேரம் கேட்டவர் அவர்தான். கூடத்துச் சுவரில் பெரிய கடிகாரம் ஒன்று தொங்கியது. அதை நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். துடைப்பத்தை நிறுத்திவிட்டு என் கவுன்ட்டர் கம்பிக்கு வெளியே வந்து நிற்பார்.

"சார், இப்ப மணி என்ன?"

"சுவத்துல இருக்கே. பாக்கக் கூடாதா?"

"நான் பாத்தா நான் சொன்னதா ஆயிடும். நீங்க பாத்துச் சொல்லுங்க."

போர்ட் பிளேரிலிருந்து மற்ற தீவுகளுக்குப் போகும் படகுகளுக்கு டிக்கெட் கொடுக்கிற வேலை எனக்கு. அவர் அந்தக் கூடத்தைக் கூட்டிப் பெருக்கும் தினக்கூலி மஸ்தூர். இருவருக்கும் ஜங்லிகாட்டில் வீடு. என் சந்துக்கு இரண்டு சந்து மேலே, ஏற்றத்தில், தகரக் கூரை போட்ட ஒற்றை அறையில் அவர் இருந்தார். கணவர் போய் வெகுநாள் ஆகிவிட்டது. பிள்ளைகள் இல்லை. லாங் ஐலண்டில் ஒரு தம்பியும் தம்பி மனைவியும் இருந்தார்கள். குடும்பம் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து வந்தது என்றாலும் அவர் பிறந்தது, வளர்ந்தது எல்லாம் தீவில்தான். கோபம் வந்தால் தமிழிலும், கெஞ்ச வேண்டியிருந்தால் இந்தியிலும் பேசுவார்.

பெயரை எழுதவில்லை. வழக்கு நடக்கிறது, பெயர் வேண்டாம் என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். அதனால் தேதிகளையும் எழுதாமல் கிழமைகளோடு நிறுத்திக்கொள்கிறேன். எனக்கு இது கஷ்டமான காரியம். வேலையில் சேர்ந்த வாரத்திலிருந்து நாள்குறிப்பு எழுதி வருகிறவன் நான். எந்தப் படகு எந்த நாளில் ரத்தானது, சென்னைக் கப்பல் எத்தனை நாள் தாமதமாக வந்தது, பருவத்தின் முதல் மழை எந்தக் கிழமை என்று முப்பத்துச் சொச்சம் நோட்டுகள் அலமாரியில் இருக்கின்றன.

ஒருநாள் மத்தியானம் நான் எழுதிக்கொண்டிருப்பதை அவர் கம்பி வழியாகப் பார்த்தார்.

"என்னா சார் எழுதறீங்க?"

படித்துக் காட்டினேன். செவ்வாய். தென்மேற்குக் காற்று பலம். லாங் ஐலண்ட் படகு ரத்து.

"எத்தனை மணிக்கு ரத்து பண்ணாங்க?"

"அதெல்லாம் எழுதறதில்லம்மா. தேதி இருக்கு."

"அப்ப பாதிதான் எழுதியிருக்கீங்க" என்று சொல்லிவிட்டுப் பெருக்கப் போய்விட்டார்.

எனக்குச் சுருக்கென்றது. முப்பது வருஷத்தில் என் நோட்டைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. என் மனைவிகூடச் சொன்னதில்லை. அவளுக்கு அந்த நோட்டுகள் அலமாரியை அடைக்கின்றன என்பதுதான் குறை.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று என் பக்கத்து கவுன்ட்டரில் இருந்த வங்காளிக்காரர் ஒருமுறை சொன்னார். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவர் காலை ஆறு மணிக்கே வந்து பெருக்க ஆரம்பித்திருக்கிறார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடப் போனபோது, மேற்பார்வையாளர் அவர் பெயருக்கு எதிரே வரவில்லை என்று ஏற்கெனவே எழுதி முடித்திருந்தார். ஆறு மணிக்கே வந்தேனே என்றதற்கு, "கிஸ்னே தேகா? யார் பார்த்தது?" என்று கேட்டிருக்கிறார். பார்த்தவர் ஒருவரும் இல்லை. மறுநாளிலிருந்து யாரிடமாவது மணி கேட்காமல் அவர் கூடத்துக்குள் கால் வைத்ததில்லை.

குடிதண்ணீர்க் குழாய் உடைந்தால் புகார்ப் புத்தகத்தில் எழுதச் சொல்லி வங்காளிக்காரரிடம் நிற்பார். அவர் எழுதி முடித்ததும், "பாபு, டைம் பீ லிக்கோ, டைமும் எழுதுங்க" என்பார்.

"அரே ஆன்ட்டி, குழாய் உடைஞ்சதுக்கு டைம் எதுக்கு?"

"எப்ப சொன்னேன்னு தெரிஞ்சாத்தான நீங்க எப்ப சரி பண்ணீங்கன்னு தெரியும்?"

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் மாத்திரையைக் கொடுத்து, சாப்பாட்டுக்கு அப்புறம் போடுங்கள் என்றதும், "யாரு சாப்பாட்டுக்கு? நான் மூணு மணிக்குச் சாப்பிடுவேன், நீங்க ஒரு மணிக்குச் சாப்பிடுவீங்க" என்று கேட்டாராம். கூடத்தில் எல்லோரும் சிரித்தோம். சென்னைக் கப்பல் நாளைக் காலை வரும் என்று ரேடியோவில் சொன்னால், போர்ட்டர்கள் அவரைப் பார்த்து, "ஆன்ட்டி, காலையின்னா எத்தனை மணி? போன் போட்டுக் கேளுங்க" என்று சீண்டுவார்கள். அவரும் சிரிப்பார். சிரிக்கும்போது வாயைப் புடவைத் தலைப்பால் மூடிக்கொள்வார்.

அந்தச் சிரிப்பை நான் கடைசியாகப் பார்த்தது ஆடி பிறந்த வாரத்துச் செவ்வாய்க்கிழமை, காலை ஐந்து நாற்பதுக்கு. இந்த நேரம் என் நோட்டில் இல்லை. ஆனாலும் எனக்கு அது நன்றாகத் தெரியும். எப்படித் தெரியும் என்பதுதான் இந்தக் கதை.

மழைக்காலத்தில் எங்கள் தீவுகளில் படகு டிக்கெட் கிடைப்பது சாதாரண விஷயமில்லை. காற்று அடித்தால் படகு ரத்து. மூன்று நாள் ரத்தானால் நாலாம் நாள் படகுக்கு மூன்று நாள் கூட்டமும் வந்து நிற்கும். அரசாங்க வேலையாகப் போகிறவர்களுக்கென்று சில இருக்கைகளை நிறுத்தி வைப்போம். டூட்டி சீட் என்று பெயர். இன்னார் அலுவல் காரணமாக இன்ன தீவுக்குப் போகிறார் என்று அவருடைய அதிகாரி கையெழுத்துப் போட்ட ஸ்லிப்பைக் கொடுத்தால், படகு கிளம்பும் நாளன்று காலையில் டிக்கெட் கிடைக்கும். அந்த ஸ்லிப்பில் பாதிக்கு மேல் பொய் என்பது ஊருக்கே தெரியும். கல்யாணத்துக்குப் போகிற வாத்தியார், மாமியார் வீட்டுக்குப் போகிற கம்பவுண்டர், எல்லோரும் அந்த ஸ்லிப்பில்தான் போவார்கள். என் மைத்துனன் குடும்பத்தையே நான் ஒருமுறை அப்படி அனுப்பியிருக்கிறேன். நாங்கள் யாரும் அதைத் தப்பென்று நினைக்கவில்லை, மழைக்காலத்துக்குக் குடை போல அதுவும் ஒன்று என்றிருந்தோம்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஒரு இளைஞன் ஸ்லிப்போடு வந்தான். போர்ட் பிளேரில் ஒரு ஸ்டேஷனில் கான்ஸ்டபிள். யூனிஃபார்மில் இல்லை. அரைக்கால் சட்டை, தோளில் தூண்டில் கம்பு, காலடியில் ஐஸ் பெட்டி. சாதா டிக்கெட் வாங்கிய இரண்டு நண்பர்கள் பின்னால் நின்றார்கள். ஸ்லிப்பில் அவன் ஸ்டேஷன் அதிகாரியின் கையெழுத்து இருந்தது: அலுவல் காரணமாக லாங் ஐலண்ட் பயணம்.

நான் தூண்டிலைப் பார்த்தேன். "டூட்டியா?" என்று கேட்டேன்.

"டூட்டி தோ டூட்டி ஹை, டூட்டின்னா டூட்டிதான், அங்கிள்" என்று கண்ணடித்தான்.

நானும் சிரித்தேன். ஸ்லிப்பை வாங்கி, தேதி முத்திரை குத்தி, கையெழுத்துப் போட்டு, மற்ற ஸ்லிப்புகளின் கட்டோடு சேர்த்தேன். அப்போது அவர் துடைப்பத்தோடு வந்து அவன் காலடியில் பெருக்கினார். பெட்டியை அவனே தூக்கி நகர்த்திக்கொடுத்தான். நல்ல பையன், மரியாதை தெரிந்தவன். வழக்கம்போல அவர் கேட்டார், இந்த முறை அவனிடம். "பேட்டா, டைம் க்யா ஹுவா?"

அவன் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தான். "பாஞ்ச் சாலீஸ், ஆன்ட்டி. அஞ்சு நாப்பது."

அவன் சொல்லி வாய் மூடுவதற்குள் படகின் முதல் ஹார்ன் அடித்தது. ஆறே கால் படகுக்கு முதல் ஹார்ன் ஐந்து நாற்பதுக்குத்தான். "உன் வாட்ச் சரியாத்தான் ஓடுது" என்று சொல்லி, வாயை மூடிக்கொண்டு சிரித்தார்.

படகு லாங் ஐலண்டுக்குப் போய்ச் சேர்ந்தது. மதியத்துக்கு மேல் காற்று திரும்பி, சிறு படகுகள் கடலுக்குப் போகக் கூடாது என்று எச்சரிக்கை வந்தது. அவருடைய தம்பி அங்கே ஒரு டுங்கி வைத்திருந்தார். எஞ்சின் பொருத்திய சிறு மரப்படகை நாங்கள் டுங்கி என்போம். அதில் பயணிகளை லாலாஜி பே கடற்கரைக்கு அழைத்துப்போய் வருவது அவர் தொழில். எச்சரிக்கையைக் கேட்டதும் எஞ்சினைத் தூக்கி வைத்து, படகை இரண்டு கயிறு போட்டுக் கட்டிவிட்டார். அப்போதுதான் இந்த மூவரும் வந்தார்கள். லாலாஜி பே போக வேண்டும் என்றார்கள். போக முடியாது என்றார். கான்ஸ்டபிள் அரைக்கால் சட்டைப் பையிலிருந்து அடையாள அட்டையை எடுத்து நீட்டினான்.

சாப்பாட்டுத் தூக்கோடு வந்த தம்பி மனைவி அதைப் பார்த்தார், கேட்டார். அவர் பிறகு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி சொன்னார்: "போலீஸ் போல் ரஹா ஹை, நிகாலோ. போலீஸ் சொல்றேன், எடு. இதான் சொன்னான் அந்த ஆளு. எங்க வூட்டுக்காரரு அந்த அட்டையைப் பாத்துட்டு என் மூஞ்சியைப் பாத்தாரு. அப்புறம் கயித்தை அவுத்தாரு."

தீவின் முனையைத் தாண்டும்போது படகு கவிழ்ந்தது. மூன்று பேரும் பாறையைப் பிடித்துக்கொண்டார்கள். எஞ்சின் தம்பியின் தலையில் அடித்துவிட்டது. மணி மூன்றே கால்.

போர்ட் பிளேருக்குச் சேதி வந்தபோது ஐந்து இருபது. போர்ட்டர் ஒருவன் தன் போனை அவரிடம் நீட்டினான். கேட்டுக்கொண்டே நின்றார். பிறகு அவர் கேட்ட முதல் வார்த்தை, "எத்தனை மணிக்கு?" அதற்குப் பதில் வந்ததும்தான் கீழே உட்கார்ந்தார்.

அவர் மறுநாள் படகில் போய், பதினெட்டு நாள் கழித்துத் திரும்பி வந்தார். அதன் பிறகு நேரம் கேட்பது நின்றுபோகும் என்று நினைத்தோம். நிற்கவில்லை. போர்ட்டர்கள் சிரிப்பதுதான் நின்றது.

விபத்து அறிக்கை வந்தபோது என்னிடம் கொண்டுவந்தார். இங்கிலீஷை அவருக்காகத் தமிழில் சொன்னேன். எச்சரிக்கையை மீறிப் படகை எடுத்தது படகோட்டியின் கவனக்குறைவு, அதுவே விபத்துக்குக் காரணம்.

"அந்த வரியைத் திரும்பச் சொல்லுங்க சார்."

சொன்னேன்.

"ரெண்டு கயிறு போட்டுக் கட்டினவனுக்கா கவனம் இல்ல?" என்றார். குரல் உயரவில்லை. "இந்த வரி போகணும். எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கான்ஸ்டபிள்மேல் மனுக் கொடுத்தார். போலீஸ் துறையிலிருந்து பதில் வந்தது: மேற்படி காவலர் அன்று காலை ஐந்து மணியிலிருந்து விடுப்பில் இருந்தார். விடுப்பில் அவர் செய்தது அவருடைய சொந்த விஷயம், துறைக்குத் தொடர்பில்லை. விடுப்புப் பதிவேட்டின் நகலையும் இணைத்திருந்தார்கள். அந்த ஒரு பதிவு மட்டும் இரண்டு வரிகளுக்கு நடுவில், எறும்பு போல நெருக்கி எழுதப்பட்டிருந்தது.

அன்றிலிருந்து அவரிடம் ஒரு கேள்வி சேர்ந்துகொண்டது. ஸ்டேஷனில், கலெக்டர் ஆபீஸில், மனு எழுதிக் கொடுப்பவரிடம், எல்லோரிடமும் கேட்டார். "மூணே கால் மணிக்கு அவரு யாரு?" போலீஸ் என்றால் ஏன் பதில் சொல்லவில்லை? போலீஸ் இல்லை என்றால் என் தம்பி எதற்குக் கயிற்றை அவிழ்த்தான்?

அந்த இளைஞனிடமும் கேட்டார், நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அவன் கூடத்துக்கு வந்து, தூணோரம் வெகுநேரம் நின்றான். இளைத்திருந்தான். பிறகு அவர் பக்கத்தில் போய், "ஆன்ட்டி, மாஃப் கர் தோ, மன்னிச்சிருங்க" என்றான்.

அவர் துடைப்பத்தை நிறுத்தினார். "பேட்டா, மூணே கால் மணிக்கு நீ யாரு?"

"ஆன்ட்டி, நான் வேணும்னு..."

"அது எனக்குத் தெரியும். நீ கெட்டவன் இல்ல. நீ யாரு, அதச் சொல்லு. நான் போலீஸாத்தான் சொன்னேன்னு ஒரு தடவை அவங்ககிட்டச் சொல்லிடு."

அவன் உதடு அசைந்தது. "நௌகரி சலீ ஜாயேகீ, வேலை போயிடும்" என்று தரையைப் பார்த்துச் சொல்லிவிட்டுப் போய்விட்டான். அவன் நின்ற இடத்தை அவர் மறுபடி பெருக்கினார். அங்கே குப்பை ஒன்றும் இல்லை.

இதற்கிடையில் ஸ்லிப் என்னிடம் இருந்தது. யூனிஃபார்ம் போடாத ஒருவர் ஒருநாள் வந்து, "அந்தச் செவ்வாய்க்கிழமை டூட்டி ஸ்லிப் கட்டை ஒரு தடவை பார்க்கணுமே, பாபு" என்றார். மரியாதையாகத்தான் கேட்டார். கட்டு ஸ்டோருக்குப் போய்விட்டது, தேட வேண்டும் என்று சொல்லி அனுப்பினேன். அன்று மாலையே அந்த ஸ்லிப்பை உருவி என் நோட்டுக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனேன். இதைத் துணிச்சல் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அதன்மேல் என் கையெழுத்து இருந்தது. தூண்டிலையும் ஐஸ் பெட்டியையும் பார்த்துக்கொண்டே போட்ட கையெழுத்து. ரிட்டயர் ஆக எனக்கு ஒன்பது மாதம் இருந்தது.

அவர் அதைத் தானே கண்டுபிடித்தார். ஒருநாள் கம்பியருகே வந்து, "சார், அன்னைக்கு அவரு எந்த சீட்ல போனாரு?" என்றார்.

நான் சில்லறையை எண்ண ஆரம்பித்தேன்.

"பயணிகள் சார்ட்ல டூட்டி ஆளுங்க பேருக்குப் பக்கத்துல ஒரு எழுத்துப் போடுவீங்களே. அந்த சார்ட்டை போர்டுலேர்ந்து நானே கிழிச்சேன் சார். தினம் கிழிக்கற மாதிரி. குப்பையோட சேத்துக் கொளுத்திட்டேன்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாலு மணிக்கு. தம்பி போயி முக்கா மணி ஆயிருந்துச்சு. எனக்குத் தெரியல."

பதினோரு நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏற்றத்தில் ஏறிப் போய் ஸ்லிப்பை அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கி, வாசல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எழுத்து தெரியாது, ஆனால் முத்திரை தெரியும்.

"தேதி இருக்கு. நேரம் எங்க சார்?"

"போடலம்மா. போடற வழக்கம் இல்ல."

"அஞ்சு மணிக்கு லீவுல போயிட்டாருன்னு எழுதியிருக்காங்க. நாலரைக்கு டூட்டியா ஸ்லிப்பைக் குடுத்தாரு, அப்புறம் லீவு போட்டாருன்னு சொல்லிட்டா?"

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. சட்டைப்பையில் அதே பேனா இருந்தது. "குடுங்க. முத்திரைக்குப் பக்கத்துல அஞ்சு நாப்பதுன்னு இப்பப் போட்டுத் தர்றேன். உண்மைதான?"

ஸ்லிப்பை வெடுக்கென்று முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார். அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒருமுறைதான்.

"வேணாம்! அவங்க ரெண்டு வரிக்கு நடுவுல நெருக்கி எழுதினாங்க. நீங்க முத்திரைக்குப் பக்கத்துல நெருக்கி எழுதுவீங்களா? அப்புறம் என்னா சார் வித்தியாசம்?" மூச்சு வாங்கினார். "அஞ்சு நாப்பதுன்னு அவரு வாயாலயே எங்கிட்டச் சொன்னாரு. ஆனா நான் சொன்னா அக்கா சொல்றதா ஆயிடும். நீங்க வந்து சொல்லுங்க. அது போதும்."

வருகிறேன் என்றேன்.

நிர்வாகத்திலிருந்து ஒரு விசாரணை அதிகாரியைப் போட்டிருந்தார்கள், போலீஸ்காரர் அல்ல. ஸ்லிப்பைப் பார்த்துவிட்டு அவர் சொன்னாராம்: டிக்கெட் கொடுத்தவர் நேரில் வந்து நேரத்தைச் சொல்லட்டும், லீவில் போன பிறகும் இந்த ஆள் போலீஸாகவே நடந்துகொண்டிருக்கிறார், அப்படி நடக்க அவருடைய ஸ்டேஷனே கையெழுத்துப் போட்டிருக்கிறது என்று நான் எழுதிவிடுகிறேன். இதை அவர் துடைப்பத்தோடு கம்பியருகே வந்து என்னிடம் சொன்னார். வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு விசாரணை.

நான் போகவில்லை.

காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினேன். அன்று முழுக்க மழை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். என் கையெழுத்தைப் பற்றி என்ன கேட்பார்கள், மைத்துனன் குடும்பம் போனதுவரை தோண்டுவார்களா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். மாலையில் அவர் சந்தில் ஏறிப் போவது தெரிந்தது. காகிதங்கள் வைத்த பிளாஸ்டிக் பையை மார்போடு அணைத்து, குடையை அதன்மேல் பிடித்திருந்தார். அவர் நனைந்துகொண்டு போனார். என் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. பத்திலிருந்து நாலு மணிவரை தாழ்வாரத்தில் உட்கார்ந்திருந்தாராம், யாராவது படியேறினால் எழுந்து எழுந்து பார்த்தாராம். இதை வங்காளிக்காரர்தான் பிறகு சொன்னார்.

மறுநாள் காலை கூடத்தில் துடைப்பச் சத்தம் நெருங்கி வந்து என் கவுன்ட்டருக்கு வெளியே நின்றது. நான் தலை நிமிரவில்லை.

"உடம்பு தேவலையா சார்?"

"பரவாயில்லம்மா."

"காய்ச்சல் எத்தனை மணிக்கு வந்துச்சு?"

அதில் குத்தல் இல்லை. குழாய் எப்போது உடைந்தது என்று கேட்பது போலத்தான் கேட்டார். பிறகு துடைப்பச் சத்தம் நகர்ந்து போனது.

அந்த விசாரணை அதிகாரி அடுத்த கூட்டத்துக்கு முன்பே மாற்றலாகி மெயின்லேண்டுக்குப் போய்விட்டார். எங்கள் தீவில் அதிகாரிகள் கப்பல் போல, வருவதும் போவதும் நம் கையில் இல்லை. புதியவர் வந்து இரண்டாவது கூட்டம் வைத்தபோது நான் போனேன். எல்லாம் சொன்னேன்: ஐந்து நாற்பது, ஹார்ன், தூண்டில், ஐஸ் பெட்டி, நான் சிரித்தது. எழுதிக்கொண்டார்கள். எனக்கு ஒரு மெமோ வந்தது. ஸ்டேஷன் அதிகாரிக்கு எச்சரிக்கை. டூட்டி ஸ்லிப்பைத் தவறாகப் பயன்படுத்தியதற்காக அந்த இளைஞனுக்கு ஒரு வருட சம்பள உயர்வு நிறுத்தம். நான் பயந்த எதுவும் நடக்கவில்லை.

அறிக்கையை அவருக்கு நான்தான் படித்துச் சொன்னேன். கவனக்குறைவு என்ற வரி இல்லை. அந்த இடத்தில், படகோட்டி ஒரு பயணியின் வற்புறுத்தலுக்கு இணங்கிப் படகை எடுத்தார் என்று இருந்தது.

"பயணியா?"

"அப்படித்தான் போட்டிருக்கு."

"போலீஸுன்னு எங்கயுமே இல்லையா?"

"தலைப்புல இருக்கு. கான்ஸ்டபிள் இன்னார் மீதான விசாரணைன்னு."

காகிதத்தை வாங்கினார். படிக்கத் தெரியாத அந்த இங்கிலீஷ் வரிகளில் மேலிருந்து கீழே மெதுவாக விரலை நகர்த்தினார்.

"மேல போலீஸு, கீழ பயணி. நடுவுல எந்த வரியில சார் மாறினாரு?"

இப்போது கோர்ட்டில் இருக்கும் வழக்கு, வக்கீல் எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும், இந்த ஒரு கேள்விதான். லீவில் இருக்கும் போலீஸ்காரன் அட்டையை நீட்டினால், அந்த அட்டையைக் கொடுத்தவர்கள் பதில் சொல்ல வேண்டுமா, வேண்டாமா?

வழக்குப் போட்ட பிறகு அவர் வேலையை விட்டுவிட்டு லாங் ஐலண்டுக்குப் போய்த் தம்பி மனைவியோடு இருந்தார். வாய்தாவுக்கு மட்டும் வருவார். வந்தால் கூடத்தில் நின்று புதிய கிளார்க்கிடம் மணி கேட்பார் என்று சொல்வார்கள். நான் அதற்குள் ரிட்டயர் ஆகியிருந்தேன். போன மழைக்காலத்தில் தம்பி மனைவி போன் செய்தார். "அண்ணே, அக்கா போயிட்டாங்க."

"எத்தனை மணிக்கு?" என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் அது என் குரல் என்று தெரிந்தது.

அந்தப் பக்கம் அழுகை நின்றது. "ஏழு அம்பதுண்ணே. பக்கத்து வூட்டுக்காரங்களைப் பாத்துச் சொல்லச் சொன்னேன்."

வழக்கைத் தம்பி மனைவி நடத்துகிறார். போன வாரம் வக்கீல் என்னைக் கூப்பிட்டார். ஒரு வாக்குமூலம் வேண்டும். முதல் விசாரணைக்கு நீங்கள் வந்திருந்தால் அந்த அதிகாரி வேறு மாதிரி எழுதியிருப்பார் என்பது நம் வாதம். ஏன் வரவில்லை என்று எதிர்த்தரப்பு கேட்கும், உங்கள் நாள்குறிப்பைப் பார்த்து எழுதிக் கொடுங்கள் என்றார்.

இன்று காலை அந்த வருடத்து நோட்டை எடுத்தேன். வியாழன். நாள் முழுதும் மழை. காய்ச்சல், வீட்டில். அவ்வளவுதான். என் கையெழுத்துத்தான், நடுக்கம் இல்லாத எழுத்து. முப்பத்துச் சொச்சம் நோட்டுகளில் தெரிந்தே எழுதிய பொய் அது ஒன்றுதான். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று எழுதினேனோ தெரியவில்லை. வீட்டில் மின்விசிறி சுற்றுவதைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இருந்தும் வாசலில் துடைப்பம் நெருங்கி வந்து நிற்பது போலிருந்தது. இப்போதெல்லாம் பல காலைகளில் அப்படி இருக்கிறது.

அந்த வரியை அடிக்கப் பேனாவை எடுத்தேன், அடிக்கவில்லை. நெருக்கியும் எழுதவில்லை. பக்கத்தின் அடியில், காலியாக இருந்த இடத்தில், இன்றைய தேதி போட்டு எழுதினேன்: அன்று எனக்குக் காய்ச்சல் இல்லை.

எதிர்ச் சுவரில் கடிகாரம் இருந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. சமையலறையிலிருந்த மனைவியைக் கூப்பிட்டு மணி என்ன என்று கேட்டேன்.

"எதிர்லதான இருக்கு, கண்ணு தெரியலையா?" என்றாள்.

"நீ பாத்துச் சொல்லு."

ஈரக் கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். "பத்தே கால்."

எழுதினேன்.